அலுவலகப் பூசல்: குறைதீர்ப்பாளரிடம் போகலாமா?

அரசுத் துறைகளிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் வேலை செய்பவர்களுக்கென்று, அவர்களின் பூசல்களைக் கேட்டுத் தீர்க்க உதவும் நடுநிலைக் குறைதீர்ப்பாளரை (ஆங்கிலத்தில் ஆம்புட்ஸ்மன்) நியமிப்பது உலகின் பல பகுதிகளில் நடைமுறையில் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களுக்காக 2002-இல் இப்படி ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. அந்த அறைக்குள் போனால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மேலதிகாரி நான்கு மாதமாக என்னிடமிருந்த முக்கியமான கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவருகிறார். காரணம் சொல்வதில்லை. எங்கள் துறையில் புதிதாக வந்திருக்கும் குறைதீர்ப்பாளரிடம் போய்ச் சொன்னால் அது புகாராகிவிடுமா? மனிதவளப் பிரிவுக்குத் தெரிந்துவிடுமா?

பதில்: புகாராகாது. நீங்கள் சம்மதிக்காமல் மனிதவளப் பிரிவுக்கும் போகாது. நீங்கள் வந்தீர்கள் என்பதைக்கூட அவர் யாரிடமும் உறுதிப்படுத்தக் கூடாது. முக்கியமான விதிவிலக்கு, யாருக்காவது உடனடியாகக் கடுமையான தீங்கு நேரும் என்று அவர் கருதும் நிலைமை. தற்கொலை எண்ணம், தாக்கப்போவதாக மிரட்டல் போன்றவை இதில் அடங்கும். சில இடங்களில் சட்டமே வேறு சில விஷயங்களைக் கட்டாயம் தெரிவிக்கச் சொல்லும். ஆகவே பேசத் தொடங்கும் முன், "எதை நீங்கள் வெளியில் சொல்லியாக வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள்.

இந்த ரகசியத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள். குறைதீர்ப்பாளரிடம் சொன்னது நிர்வாகத்திடம் சொன்னதாகாது. நாளைக்கு "நான் அப்போதே தெரிவித்தேனே, நிர்வாகம் ஒன்றும் செய்யவில்லையே" என்று வாதாட முடியாது. முறைப்படி புகார் தருவதற்கான கெடுவும் உங்களுக்காக நிற்காது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் ஒருவர் பாகுபாடு பற்றி முறையிட வேண்டுமானால், சம்பவம் நடந்த 45 நாட்களுக்குள் அதற்குரிய ஆலோசகரை அணுகியாக வேண்டும். ஐ.நா. ஊழியர் ஒரு நிர்வாக முடிவை எதிர்க்க வேண்டுமானால், அது தெரிவிக்கப்பட்ட 60 நாட்களுக்குள் மறு ஆய்வு கேட்க வேண்டும். சமரச முயற்சி நடந்துகொண்டிருந்தால் இந்த 60 நாளை நீட்டிக்க ஐ.நா. விதியில் இடமுண்டு. ஆனால் அதை நிர்வாகத்திடம் கேட்டுப் பெற வேண்டும், தானாக நீளாது. எனவே முதல் சந்திப்புக்கு முன்பே உங்கள் பணி விதிகளில் கெடு எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து கணக்கு என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி என்றால் மனுவையும் தயார் செய்துகொண்டே போய்ப் பேசுங்கள். ஒன்று இன்னொன்றைத் தடுக்காது.

இனி உங்கள் கோப்பு விஷயம். கோப்புகள் கை மாறப் பல காரணங்கள் இருக்கலாம்: தணிக்கையில் ஏதோ ஆட்சேபம் வந்திருக்கலாம், வேலைப் பளுவைச் சமன்செய்ய மேலிடம் சொல்லியிருக்கலாம், உங்களுக்கு வேறு பொறுப்பு யோசனையில் இருக்கலாம், உங்களை ஓரங்கட்டுவதாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் எழுதும் புகார் பாதியிலேயே நொண்டும். குறைதீர்ப்பாளர் அநேகமாக முதலில் உங்களையே நேரில் கேட்கத் தயார்செய்வார். அந்தப் பேச்சு இப்படி இருக்கலாம்: "சார், மார்ச்சிலிருந்து இந்த மூன்று கோப்புகள் என்னிடமிருந்து மாறியிருக்கின்றன. என் வேலையில் குறை இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அடுத்த ஆறு மாதத்துக்கு என் பொறுப்புகள் என்னென்ன என்று பேச இருபது நிமிடம் ஒதுக்க முடியுமா?" இதில் குற்றச்சாட்டு இல்லை. தேதி இருக்கிறது, கேள்வி இருக்கிறது. பதில் எப்படி வந்தாலும் அடுத்த அடி எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோக வேண்டும்? என்னிடம் இரண்டு வருட மின்னஞ்சல்கள் எல்லாம் அச்செடுத்து இருக்கின்றன.

பதில்: அந்தத் தாள்கட்டு முழுவதையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முதல் சந்திப்பு பெரும்பாலும் முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதில் பாதி நேரம் தாள் புரட்டுவதிலேயே போய்விடும். மேலும், அவர் ஆதாரத்தை எடைபோட்டு யார் சரி என்று சொல்லப்போவதில்லை.

ஒரு பக்கத்தில் காலவரிசை எழுதுங்கள். தேதி, நடந்தது, உடன் இருந்தவர்கள், அதனால் உங்கள் வேலையில் ஏற்பட்ட விளைவு. எட்டுப் பத்து வரிக்கு மேல் வேண்டாம். கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்களாக ஊகித்தது தனியாக இருக்கட்டும். "கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை" என்பது நடந்தது. "என்னை அவமானப்படுத்தவே அழைக்கவில்லை" என்பது ஊகம். இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் எதிர்த்தரப்பு இரண்டாவதை மறுத்து முதலாவதையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

அடியில் மூன்று குறிப்புகள் வேண்டும்: இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள், என்ன ஆனால் போதும் என்று நினைக்கிறீர்கள், கெடு ஏதேனும் ஓடுகிறதா. இரண்டாவதுதான் எல்லோரையும் திணறவைக்கும். "நியாயம் வேண்டும்" என்பது நியாயமான ஆசைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு யாரும் அடுத்த வாரம் எதையும் செய்ய முடியாது. "என் விடுப்பு விண்ணப்பத்துக்கு மூன்று வேலை நாளில் பதில் வேண்டும்", "பணி மதிப்பீட்டில் அந்த ஒரு பத்தியை மறுபடி பார்க்க வேண்டும்" என்று இறங்கி வாருங்கள்.

சந்திப்புக்கு நேரம் கேட்பதிலும் கவனம் தேவை. அலுவலக மின்னஞ்சலில் எழுதாதீர்கள். அது நிர்வாகத்தின் சர்வரில் சேமிக்கப்படுகிறது. பொது அமைப்பு என்பதால் தகவல் கோரும் சட்டங்களின் கீழும் வரக்கூடும். சொந்த கைப்பேசியில் கூப்பிடுங்கள், விவரத்தை நேரில் சொல்லுங்கள். சக ஊழியர்கள் பார்க்கும்படியான அலுவலக நாட்காட்டியிலும் குறித்துவைக்க வேண்டாம். இது வேண்டுகோளாகவே சொல்கிறோம்: உரையாடலை ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். பல இடங்களில் அது சட்டப் பிரச்சினை. எல்லா இடங்களிலும் அது அந்த உறவை முறிக்கும்.

கேள்வி: நான் ஒரு பிரிவின் பொறுப்பதிகாரி. என் கீழ் வேலை செய்யும் ஒருவர் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கிறார் போல. குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாதா?

பதில்: ஆகாது. அது விசாரணை அல்ல, மெமோவும் அல்ல. வருவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தால் உங்கள் பதிவேட்டில் ஏறாது. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வோம். முறைப்படியான புகாராக மாறிய பின் உங்கள் தரப்பை எழுத்தில் மட்டுமே சொல்ல முடிகிற நிலை வரலாம். இங்கே வாய்விட்டுப் பேசலாம், கேட்கலாம், யோசிக்கலாம். உங்களுக்கும் அதே ரகசியம் உண்டு.

போனதும் கேட்க வேண்டியவை: எந்த விஷயம் பற்றி, உங்களிடம் வந்தவர் என்ன எதிர்பார்க்கிறார், உங்கள் பதிலில் எதை அவரிடம் கொண்டுசெல்வீர்கள். வந்தவர் பெயரைச் சொல்லச் சம்மதிக்காமல் இருந்தால் குறைதீர்ப்பாளர் பொதுவாகத்தான் பேசுவார். அப்போது "யார் சொன்னது?" என்று துருவாதீர்கள். ஊகித்துக் கண்டுபிடித்தாலும் அவரிடம் போய்க் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியே பழிவாங்கலாகப் பார்க்கப்படும்.

பழிவாங்கல் என்றாலே இடமாற்றமும் சஸ்பென்ஷனும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் அது சின்னச் சின்னதாக வரும்: கூட்ட அழைப்பில் பெயர் விடுபடுவது, மின்னஞ்சல் நகலை நிறுத்துவது, காலை வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போவது, விடுப்பை இழுத்தடிப்பது. கோபத்தில் நீங்கள் அறியாமலே செய்யக்கூடியவை இவை. எனவே அடுத்த சில மாதங்களுக்கு அந்த நபரின் வேலைப் பங்கீடு, விடுப்பு, பயிற்சி வாய்ப்பு எதிலும் மற்றவர்களுக்கு இல்லாத மாற்றம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே திட்டமிட்ட மாற்றம் என்றால், எப்போது, யார், ஏன் முடிவு செய்தார்கள் என்பதற்கான அலுவலகக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தேதியைப் பின்னோக்கிப் போட்டுப் புதிதாக எழுதவே கூடாது.

கேள்வி: எங்கள் பிரிவில் இரண்டு பேர் ஏழு மாதமாக ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஒரே கோப்புதான் இருவரிடமும் மாறி மாறிப் போக வேண்டும். பொதுமக்களின் விண்ணப்பங்கள் தேங்குகின்றன. "இருவரையும் உட்காரவைத்துப் பேசினால் சரியாகிவிடும்" என்று மேலதிகாரி ஒருமுறை உட்காரவைத்தார். அன்றைக்கு இன்னும் மோசமானது. குறைதீர்ப்பாளர் இதை எப்படிக் கையாள்வார்?

பதில்: அன்றைக்கு மோசமானதற்குக் காரணம், நேராகக் கூட்டுச் சந்திப்பில் தொடங்கியது. அதற்கு முன் இரண்டு படிகள் இருக்கின்றன.

முதல் படி, தனித்தனிச் சந்திப்பு. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம், சம அளவு. ஒருவருக்கு இரண்டு முறை நேரம் கொடுத்தால் மற்றவருக்கும் இரண்டாவது முறை கேட்க வேண்டும். சண்டை எங்கே ஆரம்பித்தது என்பதோடு இப்போது எது உறுத்துகிறது என்பதும் தெரிய வேண்டும். "அவர் தலைக்கனம் பிடித்தவர்" என்பார் ஒருவர். எப்போது அப்படித் தோன்றியது என்று கேட்டால், "நான் பிழை திருத்தி அனுப்பியதை எனக்குச் சொல்லாமலே மேலே அனுப்பினார்" என்று வரும். குணத்தைப் பற்றி இரண்டு பேர் உடன்பாட்டுக்கு வர முடியாது. கோப்பை அனுப்பும் முறை பற்றி வரலாம். குணத்தைப் பற்றிய பேச்சைச் செயலைப் பற்றிய பேச்சாக மாற்றுவதுதான் தனிச் சந்திப்பின் வேலையே.

இரண்டாம் படி, எதைச் சொல்லலாம் என்ற சம்மதம். தனிச் சந்திப்பு முடியும்போது குறைதீர்ப்பாளர் வாய்விட்டே சரிபார்க்க வேண்டும்: "இதை அவரிடம் சொல்லலாமா? இதை நீங்களே சொல்கிறீர்களா? இது நமக்குள் இருக்கட்டுமா?" இந்த மூன்றையும் பிரிக்காமல் கூட்டுச் சந்திப்புக்குப் போனால், ரகசியமாகச் சொன்ன ஒரு வார்த்தை நழுவி விழும். அதோடு முடிந்தது.

கூட்டுச் சந்திப்பு எல்லோருக்கும் பொருந்தாது. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயப்படுகிறார், பாலியல் தொல்லை, அடிதடி, மிரட்டல், ஊழல் பற்றிய குற்றச்சாட்டு இருக்கிறது என்றால் உட்காரவைக்கவே கூடாது. அவற்றுக்கு முறையான விசாரணைதான் வழி, குறைதீர்ப்பாளர் அந்த வழியைக் காட்டிவிட வேண்டும். பயம் இல்லை, ஆனால் முகம் பார்க்க மனமில்லை என்றால், இரண்டு அறைகளுக்கு இடையே அவரே போய்வந்து பேசலாம். நேரம் அதிகம் பிடிக்கும், பலன் இருக்கும்.

பொருந்துகிறது என்றால், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். அவர்கள் பிரிவுக்கு வெளியே ஓர் அறை, கண்ணாடிச் சுவர் இல்லாதது. மேலதிகாரி இருக்கக் கூடாது. கைப்பேசி அணைத்திருக்க வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம் குறுக்கீடு இல்லாமல் பேச்சு. கேட்டவர் தன் பதிலைத் தொடங்கும் முன், மற்றவர் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமாம், அதுதான்" என்று பேசியவர் சொன்ன பிறகே பதில். இந்த இடத்தில் அவசரப்படுபவர்கள் பலர். ஏழு மாதமாகப் பேசாதவர்களுக்குத் தீர்வைவிட முதலில் வேண்டியிருப்பது, தான் சொன்னது மற்றவர் காதில் விழுந்தது என்ற நிச்சயம். அதைத் தராமல் தீர்வுப் பட்டியலுக்குத் தாவினால், எந்தத் தீர்வைச் சொன்னாலும் இருவரும் மறுப்பார்கள். சூடு ஏறினால் பத்து நிமிட இடைவேளை, தனித்தனியாக ஒரு வார்த்தை, மறுபடி சேர்ந்து.

பிறகு வேலை சார்ந்த விஷயங்களைப் பட்டியலிட்டு, எளிதான ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். உடன்பாட்டின் வாசகத்தில்தான் பெரும்பாலான சமரசங்கள் கெடுகின்றன. "இனி ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொள்வோம்" என்று எழுதினால் மூன்றாம் நாளே மரியாதை எது என்பதில் தகராறு வரும். இப்படி எழுதுங்கள்: "விண்ணப்பக் கோப்பு கைக்கு வந்த இரண்டு வேலை நாட்களுக்குள் அடுத்தவருக்குப் போகும். திருத்தம் செய்தால் மேலே அனுப்பும் முன் அதே நாளில் தெரிவிப்போம். கருத்து வேறுபாட்டை மற்றவர்கள் முன் பேசாமல், தனியாக அன்றைக்கே அல்லது மறுநாள் பேசுவோம்." யார், எதை, எப்போது என்று மூன்றும் இருக்க வேண்டும்.

பொது அமைப்பில் இன்னொரு தடை உண்டு. இருவரும் சம்மதித்தாலும் பணி மூப்பு, ஊதியம், கோப்பு யார் வழியாகப் போக வேண்டும் என்ற விதி ஆகியவற்றை அவர்களால் மாற்ற முடியாது. அவர்கள் அதிகாரத்துக்கு மேற்பட்டது ஏதாவது இருந்தால், அந்த ஒரு வரிக்கு மட்டும் உரிய அதிகாரியின் சம்மதத்தை முன்பே பெற வேண்டும். உடன்பாட்டுத் தாள் இருவரிடமும் ஆளுக்கொன்று இருக்கும். குறைதீர்ப்பாளர் நகல் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு வாரத்தில் ஒருமுறை, ஆறு வாரத்தில் ஒருமுறை சேர்ந்து பார்க்கத் தேதியை அங்கேயே குறித்துவிடுவது நல்லது.

கேள்வி: அந்த உடன்பாட்டை ஒருவர் மீறினால்?

பதில்: குறைதீர்ப்பாளரால் தண்டிக்க முடியாது. மீறல் என்று தோன்றியதும் அவரிடம் திரும்பிப் போகலாம். வாசகம் நடைமுறைக்கு ஒத்துவராததால் நடந்த மீறலா, வேண்டுமென்று செய்ததா என்று பார்த்து மாற்றி எழுதலாம். வேண்டுமென்றே என்றால் முறையான புகாருக்கான வழி திறந்தேதான் இருக்கிறது. ஆனால் சமரசப் பேச்சில் மற்றவர் மனம் திறந்து சொன்னதை அந்தப் புகாரில் ஆயுதமாக்காதீர்கள்.

கேள்வி: குறைதீர்ப்பாளருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் இல்லை. பிறகு இவரால் என்ன பயன்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. ஸ்வீடனில் 1809-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் வழியாக வந்த நாடாளுமன்ற ஆம்புட்ஸ்மன், அதிகாரிகளைக் கண்காணித்து வழக்குத் தொடரும் அதிகாரம் பெற்றவர். குடிமக்கள் அரசுமீது தரும் புகாரை விசாரிப்பவர் அவர். அலுவலகத்துக்குள் ஊழியர்களுக்காக இருப்பவர் அந்த வகை அல்ல. சுதந்திரம், நடுநிலை, ரகசியம், முறைசாரா அணுகுமுறை ஆகிய நான்கின் மேல்தான் இவர் வேலை நிற்கிறது.

அதிகாரம் இல்லாததே இவரிடம் ஆட்கள் வரக் காரணம். தீர்ப்புச் சொல்பவரிடம் யாரும் "நானும் கொஞ்சம் தவறு செய்துவிட்டேன்" என்று சொல்வதில்லை. இவரிடம் சொல்வார்கள். அங்கிருந்துதான் பூசல் அவிழும். இன்னொன்று, தனி ஆள் சொல்ல முடியாததை இவர் மேலே சொல்ல முடியும். ஒரே ஆண்டில் வெவ்வேறு பிரிவுகளிலிருந்து பலர் வந்து இடமாற்றப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்று புரியவில்லை என்றால், யார் பெயரும் சொல்லாமல் "பட்டியலின் அளவுகோலை வெளியிடுங்கள்" என்று தலைமையிடம் பேசலாம். தலைமை கேட்காவிட்டால்? கட்டாயப்படுத்த முடியாது. அது இந்த ஏற்பாட்டின் உண்மையான எல்லை.

உங்கள் அலுவலகத்தில் இருப்பவர் நம்பத்தக்கவரா என்று பார்க்க, அவருடைய பொறுப்பையும் எல்லையையும் வரையறுக்கும் பணிச் சாசனத்தைப் படியுங்கள். நேரடியாக அமைப்பின் தலைமைக்குப் பொறுப்பானவரா, மனிதவளப் பிரிவிலோ சட்டப் பிரிவிலோ வேறு வேலையும் பார்க்கிறாரா, எந்த நிபந்தனையில் அவரை நீக்கலாம் என்று பாருங்கள். ரகசியத்தை நீதிமன்றத்திலும் சட்டம் காக்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதையும் அவரிடமே கேட்கலாம்.

கேள்வி: எங்கள் அமைப்பில் என்னையே குறைதீர்ப்பாளராக நியமித்திருக்கிறார்கள். மனிதவளப் பணியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பதிவேடு எப்படி வைப்பது?

பதில்: பதிவேட்டுக்கு முன் அந்த இரட்டைப் பொறுப்பைப் பேசித் தீருங்கள். காலையில் ஒருவர் தன் மேலதிகாரியைப் பற்றி உங்களிடம் மனம் திறப்பார். மதியம் அதே ஆளின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். எத்தனை நேர்மையானவராக இருந்தாலும் காலையில் கேட்டதை மறக்க முடியாது, மற்றவர்களும் நம்பமாட்டார்கள். இரண்டில் ஒன்றை விடுங்கள். முடியாதென்றால் பணியமர்த்தல், ஒழுங்கு நடவடிக்கை, பணி மதிப்பீடு ஆகிய மூன்றிலிருந்தாவது எழுத்துப்பூர்வமாக விலக்குப் பெறுங்கள்.

பெயருள்ள கோப்பு எதையும் நிறுவனத்துக்காக வைக்காதீர்கள். பேசும்போது எடுக்கும் குறிப்பு உங்கள் நினைவுக்கு மட்டும், விஷயம் முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். இந்த வழக்கத்தைச் சாசனத்திலேயே எழுதி, எல்லாக் குறிப்புக்கும் ஒரே மாதிரி கடைப்பிடியுங்கள். ஒரு வழக்கு வந்த பிறகு அதன் குறிப்பை மட்டும் அழித்தால் சாட்சியத்தை அழித்ததாக ஆகும். ஆண்டறிக்கைக்கு வேண்டியது எண்ணிக்கை மட்டும். இத்துறையின் சர்வதேசச் சங்கம் பிரச்சினைகளை 9 பெரும் வகைகளாகப் பிரித்திருக்கிறது. ஊதியம், மேலதிகாரி–ஊழியர் உறவு, சக ஊழியர் உறவு, பதவி உயர்வு, பாதுகாப்பு என்று போகும் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரு வகையில் ஐந்துக்கும் குறைவானவர்களே வந்திருந்தால் அந்த எண்ணைத் தனியாக வெளியிடாமல் வேறு வகையோடு சேர்த்துவிடுங்கள். சிறிய அலுவலகத்தில் "பதவி உயர்வு: 1" என்று போட்டால் அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தனித் தொலைபேசி எண், பூட்டும் அலமாரி, மனிதவளப் பிரிவு வராந்தாவில் இல்லாத அறை ஆகிய மூன்றையும் பதவி ஏற்கும் முன்பே கேளுங்கள். ஏற்ற பிறகு கிடைப்பது கடினம்.

கேள்வி: சங்கப் பிரதிநிதியை உடன் அழைத்துப் போகலாமா?

பதில்: பல இடங்களில் அனுமதி உண்டு; நேரம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். ஆனால் சங்கமும் நிர்வாகமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஊதியம், பணி நேரம் போன்றவற்றைப் பல சாசனங்கள் குறைதீர்ப்பாளரின் எல்லைக்கு வெளியே வைத்திருக்கின்றன. உங்கள் பிரச்சினை அந்த வகை என்றால் சங்கத்திடமே முதலில் போங்கள், அந்த மனுவுக்கும் தனிக் கெடு இருக்கும்.